ஒருநாள் ஆபரேஷன்... ஆயுளுக்கும் மாத்திரை!

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையின் யாரும் பேசாத இரண்டாம் பாதி

"ஆபரேஷன் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. ஆளும் பாதியா இளைச்சாச்சு. இன்னுமா மாத்திரை?"

பேரியாட்ரிக் சர்ஜரி செய்துகொண்டவர்களின் வீட்டில் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். தீபாவளிக்கு வந்த பெரியம்மா கேட்கலாம். மாதாமாதம் மருந்துக்கடை பில்லைப் பார்க்கும் கணவர் கேட்கலாம். பழைய சட்டை தொளதொளவென்று தொங்க, கண்ணாடி முன் நிற்கும் அவரே தன்னைக் கேட்டுக்கொள்ளலாம். கேள்வியில் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றும். சர்க்கரை மாத்திரை குறைந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பதில்லை. நோயே இல்லாதவருக்கு எதற்கு மாத்திரை?

கால்பந்து வீரர் மாரடோனா 2005-ல் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இங்கே நிதின் கட்கரி 2011-லும் அருண் ஜெட்லி 2014-லும் செய்துகொண்டார்கள். எல்லாமே தலைப்புச் செய்தி. ஆபரேஷன் செய்தியாகும், அதற்குப் பிறகு தினமும் விழுங்கும் சத்து மாத்திரை செய்தியாவதில்லை. அதனால்தானோ என்னவோ, அதை நிறுத்துகிறவர்களும் சத்தமில்லாமல் நிறுத்துகிறார்கள்.

நிறுத்திய அன்று ஒன்றுமே ஆகாது. மறுநாளும் ஆகாது. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சத்தையும் உடம்பு கொஞ்சம் சேமித்து வைத்திருக்கிறது. வரவு நின்றதும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறது. ஒரு சத்தின் இருப்பு மூன்று வாரத்தில் தீரும். இன்னொன்று மூன்று வருடம் தாங்கும். இந்தக் காலண்டர் தெரிந்துவிட்டால், "இன்னுமா?" என்ற கேள்விக்குப் பதில் தானாக வரும்.

வயிறு வெறும் பை இல்லை

1920-களின் கடைசியில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் காஸில் என்ற இளம் மருத்துவர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். கடுமையான ஒருவகை ரத்தசோகையால் அவதிப்பட்டவர்களுக்கு மாட்டிறைச்சி கொடுத்துப் பார்த்தார், பலனில்லை. பிறகு அதே இறைச்சியைத் தான் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வாந்தியாக வெளியே எடுத்து, பதப்படுத்தி, குழாய் வழியாக நோயாளிகளின் வயிற்றுக்குள் செலுத்தினார். அவர்கள் தேறினார்கள்!

கேட்கவே குமட்டுகிறதுதான். ஆனால், நல்ல இரைப்பை ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அது இல்லாவிட்டால் இறைச்சியில் இருக்கும் சத்து உடம்பில் சேராது என்பது அந்தச் சோதனையில்தான் புரிந்தது. அந்தப் பொருளுக்கு 'உள்காரணி' என்று பெயர். அதன் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தச் சத்தான வைட்டமின் பி-12 சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போய் ரத்தத்தில் கலக்கிறது.

இப்போது அறுவை சிகிச்சைக்கு வருவோம். 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது நேந்திரம்பழம் போன்ற ஒரு குழாய். அமிலத்தையும் உள்காரணியையும் சுரக்கும் செல்களில் பெரும்பகுதி, வெட்டிய துண்டோடு போய்விடுகிறது. 'கேஸ்ட்ரிக் பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி பிடிக்கும் பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். இரும்பையும் கால்சியத்தையும் அதிகமாக உறிஞ்சும் முன்சிறுகுடல் பக்கம் சாப்பாடு எட்டிப்பார்ப்பதே இல்லை.

"முருங்கைக்கீரையும் கேழ்வரகும் சாப்பிட்டால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கீரையில் குறையில்லை. அது இறங்க வேண்டிய ஸ்டாப்பில் பஸ் நிற்பதில்லை. போதாததற்கு, ஒரு நேரத்துக்கு நாலு கரண்டி சோறுகூட உள்ளே போகாதவர் கீரையை எவ்வளவுதான் சாப்பிட்டுவிட முடியும்?

மூன்று வாரம்: குன்னூர் சொல்லும் பாடம்

முதலில் தீர்வது தயமின் என்கிற வைட்டமின் பி-1. உடம்பில் அதன் இருப்பு இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான். ஆபரேஷன் முடிந்த முதல் மாதங்களில் சிலருக்கு வாந்தி நிற்பதில்லை. "புது வயிறு, பழகும்வரை அப்படித்தான்" என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். நாலைந்து நாள் வாந்தி தொடர்ந்தால் வயிற்றில் மாத்திரையும் தங்காது, சாப்பாடும் தங்காது. பிறகு நடை தள்ளாடும். பார்வை இரண்டாகத் தெரியும். பேச்சில் குழப்பம் வரும். 1881-ல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்த மூளை பாதிப்பு இது. உடனே தயமின் ஊசி போட்டால் மீட்கலாம். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகவே பழுதாகலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. வாந்தியோடு வருபவருக்கு நம் ஊரில் முதலில் ஏற்றுவது குளுக்கோஸ். குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்க உடம்புக்குத் தயமின் வேண்டும். மிச்சசொச்சம் இருந்ததும் அதில் செலவாகி, நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே எந்த மருத்துவமனை வாசலில் போய் நின்றாலும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் நடந்திருக்கிறது."

தயமின் கதைக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. தீட்டிய அரிசியையே தின்று வாழ்ந்த ஆசிய மக்களைக் கைகால் செயலிழக்கவைத்த பெரிபெரி, தயமின் குறைவால் வருவது. 1890-களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் கோழிகளை வைத்து அதற்குத் துப்புத் துலக்கினார். வெள்ளை அரிசி தின்ற கோழிகள் கால் மடங்கி விழுந்தன. தவிடு நீக்காத அரிசி கொடுத்ததும் எழுந்து நின்றன. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. புழுங்கல் அரிசிச் சோறு நம் முன்னோருக்குக் கொடுத்த காப்பு அது. அன்று சத்தைப் பறித்தது அரிசி ஆலை. இன்று நாமே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, சத்து நுழையும் வழியைச் சுருக்கிக்கொள்கிறோம். புழுக்கிய நெல்லின் வேலையை இப்போது மாத்திரை செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்று மாதம்: முடியும் இரும்பும்

மூன்றாவது மாதவாக்கில் சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வரும். அலறியடித்து பயோட்டின் மாத்திரை வாங்குவார்கள். இந்த முடி கொட்டல் பெரும்பாலும் வேகமான எடை இழப்பாலும் புரதக் குறைவாலும் வருவது. சாப்பாடு சீரானால் சில மாதங்களில் தானாக நிற்கும். பயோட்டினால் இதில் பெரிய லாபமில்லை. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு முதலான ரத்தப் பரிசோதனை முடிவுகளையே அது தப்பாகக் காட்டிவிடும். லேபுக்குப் போகும்முன் அதை எடுத்துக்கொள்வதைச் சொல்லிவிட வேண்டும். தினம் 60 கிராம் புரதம் போகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. முட்டை, மீன், பனீர், தயிர், சுண்டல் எதுவானாலும் சரி. தட்டில் முதலில் கை வைக்க வேண்டியது அதில்தான். சோறு பிறகு.

ஆறு மாதம் கடந்தும் முடி கொட்டினால் இரும்பைச் சந்தேகிக்கலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின் (2019–21) கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவிகிதத்தினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அதே வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை. அந்த அளவுக்கு இரண்டும் பரவியிருக்கின்றன. உடம்பு பெருத்தவர் சத்து நிறைந்தவர் என்பது நம் கண்ணின் ஏமாற்று. பலர் ஆபரேஷன் மேஜைக்கு வரும்போதே இரும்பு, வைட்டமின்-டி இரண்டிலும் கடனாளியாகத்தான் வருகிறார்கள்.

ஒரு தடயம் வீட்டிலேயே கிடைக்கும். ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியைக் கடிப்பது, பச்சரிசியை அள்ளி மெல்வது, சிலேட்டுக்குச்சி தின்பது என்று வினோத ஆசைகள் வந்தால் கேலி செய்யாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. முதலில் காலியாவது சேமிப்புக் கிடங்கு. அதைக் காட்டுவது ஃபெரிட்டின் அளவு. ஹீமோகுளோபின் கடைசியில்தான் சரியும்.

மூன்று வருடம்: பி-12 போடும் நாடகம்

பி-12-க்குக் கல்லீரலில் தாராளமான கையிருப்பு உண்டு. சிலருக்கு இரண்டு வருடம், சிலருக்கு ஐந்து வருடம்கூடத் தாங்கும். 'மூணு வருஷம் ஆச்சு, நல்லாத்தானே இருக்கேன்' என்ற நம்பிக்கை பிறப்பதும், அந்தக் கையிருப்பு தரைதட்டுவதும் கிட்டத்தட்ட ஒரே காலம்.

பாதத்தில் எறும்பு ஊர்வது போல் இருக்கும். செருப்பு கழன்றது தெரியாது. இருட்டில் நடந்தால் தடுமாறும். மறதி, எரிச்சல், காரணமில்லாத சோர்வு வரும். நாற்பது வயதுக்காரர் என்றால் "சுகர் இருந்துச்சில்ல, அதான்" என்று பழி சர்க்கரைமேல் போய்விடும். மெட்ஃபார்மின் மாத்திரையும், நீண்டநாள் எடுக்கும் அசிடிட்டி மாத்திரையும் பி-12-ஐ இன்னும் குறைக்கும். சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. ஆபரேஷனுக்குப் பிறகு அதுவும் அளவோடுதான். ஃபோலிக் அமிலம் மட்டும் தொடர்ந்து எடுத்தால் ரத்தசோகை மறைந்துவிடும். நரம்பு மட்டும் உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும்.

சாதாரண ஆளுக்குப் பி-12 தினத் தேவை சுமார் இரண்டு மைக்ரோகிராம்தான். இவர்களுக்கு ஏன் 350 முதல் 1,000 வரை சொல்கிறார்கள்? காஸிலின் உள்காரணி கைகொடுக்காவிட்டாலும், விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து ரத்தத்துக்குள் போய்விடும். ஆயிரம் கொடுத்தால் பத்து சேரும், அது போதும். மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு மாதம் ஒரு ஊசி.

முப்பது வருடம்: எலும்பிலிருந்து கைமாற்று

கால்சியம்தான் இருப்பதிலேயே பொறுமைசாலி. வரவு குறைந்ததும் கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொள்ளும். எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். ரத்தத்தில் 'கால்சியம் நார்மல்' என்றே ரிப்போர்ட் வரும். எலும்பு மட்டும் வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே போகும். முப்பது வயதில் ஆபரேஷன் செய்துகொண்டவர், அறுபதில் குளியலறையில் வழுக்கி விழும்போதுதான் கணக்குத் தெரியவரும். அதனால்தான் வைட்டமின்-டி, பாராதைராய்டு ஹார்மோன் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

மருந்துக்கடையில் கவனிக்க வேண்டியவை

* கால்சியத்தில் சிட்ரேட் கேளுங்கள். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும். இவர்களுக்கு அது குறைவு. அட்டையில் 'கால்சியம் சிட்ரேட் 1,000 மி.கி.' என்றிருந்தால் அதில் உண்மையான கால்சியம் சுமார் 210 மி.கி.தான். 'எலிமென்டல்' என்று போட்டிருக்கும் எண்ணே கணக்கு.

* ஒரே நேரத்தில் 500–600 மி.கி.க்கு மேல் கால்சியம் வேண்டாம். மொத்தமாகப் போட்டால் உடம்பு மொத்தமாக உறிஞ்சாது. இரண்டு, மூன்று வேளையாகப் பிரியுங்கள்.

* இரும்பும் கால்சியமும் சேரக் கூடாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை ஃபில்டர் காபியோடோ டீயோடோ விழுங்கினால் பாதி வீண். எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் கூடுதல் பலன். மலம் கறுப்பாகப் போவது இயல்பு.

* தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதை விடியற்காலை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் நான்கு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

* வைட்டமின்-டி பாக்கெட் 60,000 யூனிட். மருத்துவர் வாரம் ஒன்று என்று எழுதியதை தினம் ஒன்றாகப் பாலில் கலக்கிக் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் எகிறி, சிறுநீரகம் பாதிக்கும். அதிகமானால் அமிர்தமும் நஞ்சு என்பது இதற்கும் பொருந்தும்.

* கம்மி மிட்டாய் வைட்டமின் வாய்க்கு ருசி. பெரும்பாலானவற்றில் இரும்பு இருக்காது. முதல் சில வாரங்களுக்கு மெல்லும் மாத்திரையோ சிரப்போ போதுமா என்று உங்கள் டயட்டீஷியனைக் கேளுங்கள்.

* வலி மாத்திரை கடையில் நீங்களாக வாங்காதீர்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகைகள், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, இணைப்புப் பகுதியில் புண் உண்டாக்கும்.

தினம் எவ்வளவு?

அமெரிக்கப் பேரியாட்ரிக் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்களை ஒட்டி, ஸ்லீவ், பைபாஸ் செய்துகொண்ட பெரியவர்களுக்கான பொது அளவு:

தயமின்: குறைந்தது 12 மி.கி.
பி-12: 350–1,000 மைக்ரோகிராம்
ஃபோலிக் அமிலம்: 400–800 மைக்ரோகிராம், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு 800–1,000
இரும்பு: மாதவிடாய் உள்ள பெண்களுக்கு 45–60 மி.கி.; ரத்தசோகை இல்லாத ஆண்களுக்கு 18 மி.கி.
வைட்டமின்-டி3: 3,000 யூனிட்
கால்சியம்: உணவும் மாத்திரையும் சேர்த்து 1,200–1,500 மி.கி.

இவற்றோடு துத்தநாகமும் தாமிரமும் உண்டு. துத்தநாகத்தை மட்டும் அதிகமாக எடுத்தால் தாமிரம் குறையும். தாமிரக் குறைவும் பி-12 குறைவு போலவே நடையைத் தள்ளாடவைக்கும். உங்களுக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்ய வேண்டியது உங்கள் ரத்தப் பரிசோதனையும் உங்கள் மருத்துவரும்தான்.

மாமியார் வீட்டில் மாத்திரை டப்பா

இத்தனையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித்தான் கொடுக்கிறார்கள். பிறகு ஏன் நிற்கிறது? முதல் காரணம் பணம். பெரும்பாலான காப்பீட்டு பாலிசிகள் ஆபரேஷன் செலவோடு ஒதுங்கிக்கொள்ளும். மாதாந்தர மாத்திரைச் செலவு நம் பையிலிருந்துதான்.

இன்னொரு காரணம் வெளியே சொல்ல முடியாதது. கல்யாணத்துக்கு முன் ஆபரேஷன் செய்துகொண்ட பெண், "டயட்ல இளைச்சேன்" என்று சொல்லித்தான் மணமேடை ஏறியிருப்பாள். புகுந்த வீட்டில் அந்த மாத்திரை டப்பாவை எங்கே வைப்பாள்? "இது எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால், மறுவாரம் டப்பா குப்பைக்குப் போகும். அந்த வீட்டிலேயே அடுத்து எழும் கேள்வி "விசேஷம் உண்டா?" என்பதாக இருக்கும். ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதங்கள்வரை கருத்தரிக்க வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். எடை சரிந்துகொண்டிருக்கும்போது குழந்தைக்குக் கொடுக்கத் தாயிடம் மிச்சம் இருக்காது. ஃபோலிக் அமிலம் குறைந்தால் கருவின் முதுகுத்தண்டு வளர்ச்சி பாதிக்கலாம். தாய்க்கு பி-12 இல்லாவிட்டால் தாய்ப்பாலிலும் இருக்காது. ஆபரேஷனை ஒளித்துவைக்க முடிகிற கணவரிடம்கூட இந்த மாத்திரையை ஒளிக்கக் கூடாது. கூடவே நினைவுபடுத்தும் ஒருவர் வீட்டில் இருந்தால் அதைவிடப் பெரிய துணை இல்லை.

இது புதிதாகக் கற்ற பாடமில்லை

1950-களில் அமெரிக்காவில் தொடங்கிய முதல் தலைமுறை ஆபரேஷன், சிறுகுடலின் பெரும்பகுதியையே விலக்கிவைத்தது. எடை மளமளவென்று இறங்கியது, கல்லீரல் கெட்டது, சிறுநீரகத்தில் கற்கள் சேர்ந்தன. பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து பழையபடியே இணைக்க வேண்டியதாயிற்று. அந்த முறை கைவிடப்பட்டது. 1967-ல் அயோவாவில் எட்வர்டு மேசன் அறிமுகப்படுத்திய கேஸ்ட்ரிக் பைபாஸும், பின்னால் வந்த ஸ்லீவும் அதைவிட எவ்வளவோ பாதுகாப்பானவை. 1987-ல் ஸ்வீடனில் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வு, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் உயிரிழப்பு குறைந்ததைக் காட்டியது. ஆகவே பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால், பாதுகாப்பான முறை என்று சொல்லும்போது அதற்குள் மாத்திரையும் அடக்கம்.

முதல் வருடத்தில் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் ரத்தப் பரிசோதனை. பிறகு வருடம் ஒருமுறை, பிறந்தநாள் வாரத்தில் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஆபரேஷன் செய்த மருத்துவர் வெளியூரில் இருந்தால் பக்கத்துத் தெரு டாக்டரிடமே ரிப்போர்ட்டைக் காட்டலாம். என்ன ஆபரேஷன், எந்த வருடம் என்று எழுதிய சீட்டு பர்ஸில் இருந்தால் போதும். விரதம், நோன்பு, யாத்திரை என்றால் முன்கூட்டியே நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். விட்டுவிட மட்டும் கூடாது.

அடுத்த தீபாவளிக்குப் பெரியம்மா வருவார். "இன்னுமா மாத்திரை?" என்று மறுபடி கேட்பார். அவருக்கு உள்காரணியும் ஃபெரிட்டினும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். "பெரியம்மா, நீங்க நாலு இட்லி சாப்பிடுறீங்க. நான் ஒரு இட்லியும் மூணு மாத்திரையும் சாப்பிடுறேன். ரெண்டும் சாப்பாடுதான்" என்று சொன்னால் போதும். புழுங்கல் அரிசியை ஆட்டி மாவு அரைத்த கை அது, சட்டென்று புரிந்துகொள்ளும்.